பதினோராவது கரண்டி

மாரப்பனை நான் செருப்பால் அடித்தேன். ஏழு அடி. எண்ணிக்கொண்டே அடித்தேன்.

ஒரு பெண்ணின் முகத்தைக் கருக்கிவிட்டான் என்று சொல்லி அடித்தேன். கருக்கியவன் அவனல்லன். நான்!

இதைச் சொல்ல ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதற்கு முன் மூன்று முறை எழுதத் தொடங்கினேன். மூன்று முறையும் முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குச் சாதகமாக ஏதோ ஒரு நியாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கிழித்துப் போட்டேன். இந்த நான்காவது முறையும் அப்படி ஏதாவது தென்பட்டால், தயவுசெய்து நீங்கள் அதை நம்பாதீர்கள்.

துடியலூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அதன் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளன். பெரிய தொட்டியில் சாயம் ஏற்றுவதற்கு முன் சிறிய அளவில் கலந்து, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கும் இடம் அது. ஆய்வகத்தை ஒட்டி ஓர் இருப்பு அறை. அதில் பதினொரு டிரம்கள்; பதினொரு வகைத் தூள்கள். முப்பத்தொரு வருடம் அவற்றுக்கு நான் காவல் இருந்தேன்.

பத்தை விட்டுவிடுவோம். பதினொன்றாவது... ஹைட்ரோஸ்.

பார்ப்பதற்கு அரிசி மாவைப் போல் சாதுவான வெள்ளைத் தூள். சில சாயங்கள் நீரில் கரைவதற்கு அது வேண்டும். தொட்டி நிறைய நீரில் போட்டால் பேசாமல் தன் வேலையைப் பார்க்கும். ஆனால், குவிந்து கிடக்கும் தூளுக்குள் கொஞ்சமே கொஞ்சம் ஈரம் புகுந்துவிட்டால்... உள்ளுக்குள் சூடேறத் தொடங்கும். வெளியே தெரியாது. மணிக்கணக்கில் தெரியாது. பிறகு தீக்குச்சியை உரசியவுடன் எழுமே, அந்த நெடி வரும். பிறகு புகை. பிறகு நெருப்பு.

மனிதர்களும் அப்படித்தான் என்று எழுத வந்தேன். வேண்டாம். இது தூளைப் பற்றியது.

டிரம் தரையில் படக்கூடாது. மரப்பலகைமேல் நிற்க வேண்டும். உள்ளிருக்கும் பையின் வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். மூடி இறுகியிருக்க வேண்டும். அமிலம் அண்டக்கூடாது. அள்ளும் கரண்டி சுக்காய்க் காய்ந்திருக்க வேண்டும். டிரம் சுடுவது தெரிந்தால் உடனே வெட்டவெளிக்கு உருட்டிக்கொண்டு போய், ஆட்களை விலக்க வேண்டும். தீப்பிடித்தால் உலர்ந்த மணல். வாளித் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊற்றினால் நெருப்புக்குத் தீனி போட்டதாகும்.

இப்படிப் பதினான்கு விதிகள். நானே முத்து முத்தாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்த அறையின் சுவரில் மாட்டியிருந்தேன். ஆங்கிலத்தில்! அந்த அறையைத் தினமும் பெருக்கித் துடைத்த பழனாத்தாளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

பதினைந்தாவதாக ஒரு விதி இருந்தது. அதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை; அது என் சொந்தச் சரக்கு. ஒரு தூளுக்குரிய கரண்டி இன்னொரு தூளில் படக்கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொரு கரண்டியும் தன் டிரம்முக்குள்ளேயே இருக்க வேண்டும். மாலையில் அறையைப் பூட்டுவதற்கு முன் நான் மூடிகளைத் திறந்து எண்ணுவேன். பதினொன்று வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நான் எண்ணுகிறவன். ஏறும் படிகளை எண்ணுவேன். எதிரே போகும் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன். பாதியில் யாராவது பேசிவிட்டால் அன்று முழுவதும் எரிச்சலாக இருக்கும். பட்டறை வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்றொரு பலகை தொங்கியது. தினமும் காலையில் அதில் ஒன்றைக் கூட்டி எழுதுவது என் வேலை. நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த மார்ச்சில் நான் ஓய்வு பெறுவதாக இருந்தேன். அந்த எண்ணில் ஒரு கீறலும் விழாமல் வெளியேற வேண்டும்... அவ்வளவுதான் என் ஆசை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாரப்பன் பதினொரு கரண்டிகளையும் தேய்த்துக் கழுவினான். அவன் என் ஆய்வக உதவியாளன். நாற்பது வயதைத் தாண்டியவன். பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தவன். மொட்டை வெயிலில் சாக்கை விரித்துக் கரண்டிகளை வரிசையாகக் காயவைத்தான்.

“பதினொண்ணும் காஞ்சிருச்சுங் சார். நான் எண்ணிப்போட்டேனுங்க. நீங்களும் ஒருக்கா எண்ணிக்குங்க, இல்லீனா உங்களுக்குத் தூக்கம் வராது” என்றான்.

பழனாத்தாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். “சார் ஊட்டுல சோத்துப் பருக்கையவே எண்ணித்தான் உண்பாராட்ட இருக்குது.”

நானும் சிரித்தேன். நான் அவர்களோடு சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் பூஜை. பத்துக் கரண்டிகளை மாரப்பன் அவற்றின் டிரம்களில் வைத்தான். ஹைட்ரோஸ் கரண்டியை மட்டும் எல்லாவற்றுக்கும் சார்பாகப் பூஜைத் தட்டில் வைத்தான். நீளக் காம்புள்ள எவர்சில்வர் கரண்டி. தட்டில் அதுதான் எடுப்பாக இருந்தது. குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். உடைத்த தேங்காயின் நீர் தட்டெல்லாம் ஓடியது. பூசாரி மாவிலையால் தீர்த்தம் தெளித்தார். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

நான் பூட்டுவதற்காகப் போனேன். மூடிகளைத் திறந்து எண்ணினேன்.

பத்து!

பதினொன்றாவது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்து அறையில், சாமி படத்துக்கு முன்னால், தட்டில் இருக்கிறது. அது தெரிந்தும் என்னால் பூட்ட முடியவில்லை. ஒரு முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பத்து... பத்து... அந்த எண் பல்லிடுக்கில் சிக்கிய நாரைப் போல் உறுத்தியது.

தட்டிலிருந்து கரண்டியை எடுத்துவந்தேன்.

மேல்துண்டால் துடைத்தேன் என்று முன்பு ஒருமுறை எழுதினேன். அது பொய். துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தை அழிக்கலாமா என்று கை தயங்கியது. காம்பிலிருந்து தேங்காய் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பையின் வாயைப் பிரித்து, ஹைட்ரோஸுக்குள் அதைச் செருகினேன். பையை முறுக்கிக் கட்டினேன். மூடியை இறுக்கினேன்.

பதினொன்று. வீட்டுக்குப் போய் நிறைவாகச் சாப்பிட்டேன்.

இரசாயனம் படித்தவன் நான்! விதிகளைச் சட்டம் போட்டு மாட்டியவன்! அந்த ஒரு நிமிடத்தில் என் படிப்பு எங்கே போயிற்று? மறந்துவிட்டேனா? மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எண்ணுவது நின்றுவிட்டது, அதனால் உண்டான நிம்மதியில் வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

விஜயதசமி காலை எட்டு மணி. மாரப்பன் வேகமாக என் மேசைக்கு வந்தான்.

“சார், ஹைட்ரோஸ் டிரம்மு சுடுதுங்க. நெடி வேற வருது. வெளிய உருட்டிப்போட்டுரலாமுங்களா?”

சரியாகச் சொன்னான். என் சட்டத்தைப் படிக்கத் தெரியாதவன், என் சட்டத்தில் இருந்ததையே சொன்னான்.

அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் கரண்டி இருக்கும். கரண்டியில் சந்தனம் இருக்கும். அதை அங்கே யார் வைத்தது என்ற கேள்வி வரும்...

“ஒம்பதேகாலுக்குத்தான் நல்ல நேரம். சாமி கும்புட்டு வெச்சத அதுக்கு முன்னால அசைக்கக்கூடாது. நீ கேட்டுக்குப் போயி, பூசணிக்காய் ஒடைக்க ஏற்பாடு பண்ணு” என்றேன்.

“இல்லீங் சார், ரொம்பச் சுடுது...”

“போடான்னா போ!”

அவன் போனான். எனக்கு நல்ல நேரத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவன் அங்கே இருக்கக்கூடாது, அதுதான் வேண்டியிருந்தது.

தனியாக மூடியைத் திறந்தேன். வெண்புகை முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விட்டேன். காம்பு கொதித்தது, உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டியது. இழுத்தேன். சந்தனம் கருகிப் பொரிந்திருந்தது. துண்டில் சுருட்டிக்கொண்டு இருமியபடி வெளியே ஓடிவந்தேன். மூடியைத் திரும்பப் போடவில்லை. வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அப்போதும் நேரம் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் நேரம் இருந்தது!

பழனாத்தாள் தரை துடைக்க ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். கதவு வழியாகப் புகையைப் பார்த்தாள்.

“ஐயோ சார், பொகையுதுங்களே!”

என்னைக் கடந்து ஓடினாள். நான் நின்ற இடத்திலிருந்து டிரம்முக்கு எட்டே காலடி. ‘ஊத்தாதே’ என்று நான் கத்தியிருக்க வேண்டும். நான்கே எழுத்து. ஆனால் கத்தினால் அவள் திரும்புவாள். திரும்பினால் என் கையிலிருந்த துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காம்பைப் பார்ப்பாள். நான் முதலில் அந்தக் காம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பிறகு கத்தினேன்.

இந்த வரிசையை மாற்ற முடியாது. ஒன்பது ஆண்டுகளாக மாற்றிப் பார்க்கிறேன். முதலில் மறைத்தேன். பிறகுதான் கத்தினேன். அதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது.

வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெரிய மிருகம் மூச்சு விட்டதைப் போல் ஒரு சீறல்... அவ்வளவுதான். டிரம்மின் வாயிலிருந்து நெருப்பு எழுந்து அவள் முகத்தைப் பற்றியது. நைலக்ஸ் சேலை உருகித் தோளோடு ஒட்டியது. அவள் கத்தவில்லை, கத்துவதற்கு வாய் திறந்தபோது புகை உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் முகத்தை அடித்துக்கொண்டு சுவரில் மோதி, மீண்டும் மோதி... தலைமுடி கருகும் நாற்றம். நான் நின்றேன். நின்றுகொண்டிருந்தேன்!

ஓடிவந்து உள்ளே பாய்ந்தவன் மாரப்பன். அவளைத் தோளில் பற்றி வெளியே இழுத்துப் போட்டான். உருகிய சேலையை அவன் வெறுங்கையால் பிய்த்தெடுத்தபோது அவன் விரல்களின் தோலும் அதோடு வந்தது. பிறகு சிவப்பு வாளிகளில் இருந்த மணலை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் டிரம்மில் கொட்டினான். ஆறு வாளி. நான் எண்ணினேன். கடவுளே, அப்போதும் எண்ணினேன்!

அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். முதலாளி ஓடிவந்தார். “எப்படிங் சார் ஆச்சு? உங்க டிபார்ட்மெண்டுலயா இப்படி?” என்றார்.

முப்பது நாற்பது ஜோடிக் கண்கள் என்மேல். நான் துண்டைப் பிரித்தேன். கருகிய கரண்டியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். எதை மறைக்க அந்தப் பெண்ணை எரியவிட்டேனோ அதையே எடுத்துக் காட்டினேன்.

“ஈரக் கரண்டி உள்ள இருந்துச்சுங்க. கழுவுனவன் மாரப்பன். சந்தனம் வெச்சுத் தட்டுல வெச்சவனும் மாரப்பன்.”

இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையை நான் சொல்லவில்லை.

மாரப்பன் வெந்த கைகளை முன்னால் நீட்டியபடி நின்றான். “சார்... நானுங்களா? நான் தட்டுலதானுங்க வெச்சேன். அதுக்கப்புறம்...”

அந்த வாக்கியம் முடியக்கூடாது! அதற்காகத்தான் செருப்பைக் கழற்றினேன். கோபத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குக் கோபமே இல்லை. முதல் அடி வாயில். இரண்டாவதும் வாயில். உதடு கிழிந்தது. மூன்று, நான்கு, ஐந்து... அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தூக்க அவனுக்குக் கை இல்லை. ஏழாவது அடியில் செருப்பின் வார் அறுந்தது.

பிறகு நான் அடிக்கத் தேவையே இருக்கவில்லை. பழனாத்தாளின் தம்பி அங்கேதான் சுமை ஏற்றிக்கொண்டிருந்தான். “எங்கக்கா மூஞ்சியப் பாத்தியாடா? பாத்தியாடா?” என்று கத்திக்கொண்டு, சாயம் கலக்கும் இரும்புக் கழியோடு பாய்ந்தான். அவன் பின்னால் இன்னும் நால்வரோ ஐவரோ. கழி விலாவில் இறங்கிய சத்தம் கேட்டது. மிதித்தார்கள். மயிரைப் பற்றித் தூக்கி, தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் மோதினார்கள். அவன் சரிந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது.

முதலாளி விலக்கிவிட ஓடினார். நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன். அந்த அடிகளை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

பழனாத்தாளுக்கு வலது கண் போயிற்று. முகத்தின் வலப்பாதி இழுத்துத் தைத்த சாக்கைப் போல் ஆயிற்று. மாரப்பன் பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தான். எழுந்தபோது இடது காது கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவன் மூளையிலிருந்து அழிந்துபோயிருந்தது. இரு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசி, விபத்து என்றே எழுதி முடித்தார்கள். மார்ச்சில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

போத்தனூரில் தன் அக்கா வீட்டில் இருந்த மாரப்பனைப் பார்க்க ஒருமுறை போனேன். ஏன் போனேன்? அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். வேறெதற்கும் இல்லை.

“ஏனுங் சார், எனக்கு ஒண்ணுமே நாபகம் வரமாட்டேங்குதுங்க. எல்லாரும் நான்தான்னு சொல்றாங்க. அவிய சொல்றத உடுங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க. நீங்க சொல்லுங்க சார், நான்தானுங்களா?”

கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.

‘இல்லை’ என்று சொன்னால் போதும். அந்தச் சிறிய அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

“நீ வேணும்னு செய்யலப்பா” என்றேன்.

“அப்ப நான்தான்” என்றான். பிறகு குனிந்து என் காலைத் தொட்டான். “மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங் சார்.”

சொன்னேன்! அவனை மன்னித்துவிட்டதாக நான் சொன்னேன்!

அன்றிலிருந்து ஒவ்வொரு விஜயதசமிக்கும் அவன் பவானிக்குப் போகிறான். பழனாத்தாள் அங்கேதான் ஊருக்கு வெளியே தம்பி வீட்டில் இருக்கிறாள். வாசலில் போய் நிற்பான். அவள் திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். அவள் களைத்து உள்ளே போனதும் இவன் பஸ் ஏறித் திரும்புவான். ஒரு வருடம் நெற்றியில் தையல் போட்டார்களாம். இதையெல்லாம் அவனே தொலைபேசியில் என்னிடம் சொல்வான், காய்ச்சல் வந்து போனதைச் சொல்வதுபோல.

சென்ற விஜயதசமிக்கு என்னையும் கூப்பிட்டான். “நீங்க ஒருக்கா கூட வாங் சார். உங்க வார்த்தையப் பழனாத்தாக்கா மதிப்பாங்க.”

போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘அம்மணி, கரண்டியைப் போட்டவன் நான்.’ நான்கே சொல்.

அவள் வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அந்த முகத்தை ஒன்பது ஆண்டுகளில் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“வந்துட்டியாடா நாயே! என்ர மூஞ்சி இன்னும் அப்படியேதான் இருக்குதான்னு பாக்க வந்தியா?”

முதல் கல் மாரப்பனின் தோளில் விழுந்தது. அவன் அசையவில்லை. “அடிங்கக்கா. நல்லா அடிச்சுப்போடுங்க. நான் வாங்கிக்கிறனுங்க” என்றான்.

அவள் இன்னொரு கல்லைப் பொறுக்கினாள். நான் வாயைத் திறந்தேன். ‘அம்மணி’ என்ற சொல் வெளியே வந்தும்விட்டது. அவளுடைய ஒற்றைக் கண் என்மேல் திரும்பியது. அவள் குரல் சட்டென்று தணிந்தது.

“சாருங்களா? நீங்க எதுக்குங் சார் இந்த நாயிகூட வந்தீங்க? எனக்கோசரம் அன்னிக்குச் செருப்பக் கழட்டுன மகராசன் நீங்க. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங் சார், உங்கமேல பட்டுப்போகும்.”

நான் ஒதுங்கினேன்.

இரண்டு அடி தள்ளி நின்றேன். அடுத்த கல் அவன் வாயில் பட்டது.